பழுப்புப் புகை

அமோனியாவிலிருந்து நைட்ரிக் அமிலம் தயாரிக்கும் ஆலை அது. நிறுத்தி மறுபடி ஓட்டும்போதெல்லாம் புகைபோக்கி கொஞ்ச நேரம் பழுப்பாகப் புகை கக்கும். உடனே கட்டுப்பாட்டு அறைக்குப் போன் வந்துவிடும்.

இன்றும் வந்தது.

“துணியெல்லாம் காயப் போட்டிருக்கேன். இப்படிப் புகை விட்டா என்ன அர்த்தம்?” குரல் அறை முழுக்கக் கேட்டது.

“தப்புதாங்க” என்றார் ஆபரேட்டர், வழக்கம்போல.

புது இன்ஜினியர் ஜன்னல் வழியே பார்த்தாள். பத்து நாளாக நிற்காமல் ஓடும் ஆலை. வானம் துடைத்துவிட்டது போலிருந்தது.

“புகையே இல்லையேண்ணே. யாரு அந்தம்மா, வேணும்னே வம்புக்கு இழுக்கிறாங்க?”

ஆபரேட்டர் ரிசீவரைப் பொத்திக்கொண்டார். “என் வீட்டுக்காரிம்மா. மூணு மாசமா வீட்ல பேச்சில்ல. புகை வந்தாத்தான் போன்ல திட்டுவா.”

கையை எடுத்தார்.

“ஆமாங்க, இன்னிக்குப் புகை ரொம்ப ஜாஸ்திதான். நேர்லயே வந்து மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”