டிஸ்கோ மீனுக்குக் காவல்

“பொண்ணையும் குடுத்து, வீட்டையும் குடுத்த மனிசன, மீனுக்குக் காவல் போட்டிருக்கான் பாருங்க, மருமகன்!”

பாலமுனையில் பஸ் ஏறிய சித்தி லைலா கல்முனையில் இறங்கும்வரை இதையே சொல்லிக்கொண்டு வந்தாள். அன்றைக்கு பஸ் எஞ்சினில் ஓடவில்லை, அவளுடைய கோபத்தில்தான் ஓடியது என்று கண்டக்டர் பிறகு சத்தியமே செய்தார்.

கோபம் வராதா பின்னே? தங்கள் மகள் நதீராவுக்குக் கல்வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, சித்தி லைலாவின் அக்கா, ராத்தா உம்முவும் அவள் கணவர் அச்சிமுகம்மது மச்சானும் அதே வளவுக்குள் ஒரு கிடுகுக் கொட்டிலில் ஒதுங்கியிருந்தார்கள். மாரி தொடங்கிவிட்டது. மச்சானுக்கு மூச்சிழுக்கும் தொய்வு வருத்தம் வேறு. ஈரம் பட்டால் நெஞ்சு விசிலடிக்கும். அந்த மனிதரைப் பிடித்து, மருமகன் மசூர் கொழும்பிலிருந்து கொண்டுவந்த மீனுக்குக் காவல் வைத்திருக்கிறானாம்!

வாசல்படியில் செருப்பை உதறிவிட்டு விறாந்தையைத் தாண்டினாள்.

“மெல்ல வா மச்சி! டிஸ்கோ மீன் பயந்துரும்!”

மண்டபத்தில் கட்டில் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. அதன் பக்கத்தில் பாய், தலையணை. பாயின் மேல் அச்சிமுகம்மது.

“டிஸ்கஸ், மாமா” என்றான் மசூர்.

“அதத்தானே நானும் சொல்றன், டிஸ்கோ.”

தொட்டிக்குள் சாப்பாட்டுப் பீங்கான்களுக்கு உயிர் வந்ததுபோல வட்டவட்டமாக மீன்கள் திரும்பிப் பார்த்தன.

“குளம் மாதிரித் தொட்டி. உள்ள ஆறே ஆறு மீனா?”

“கூட விட்டா மூச்சு முட்டும் மச்சி. ஊத்தை கூடும். இந்தா குமிழி விடுதே, இதுதான் ஃபில்டர். இதுட பஞ்சு அடைச்சாலும் சரி, மோட்டர் நிண்டாலும் சரி, ஆறும் மௌத்து! ஐஸ்பழக்காரன் மணி அடிச்சாலே நிறம் கறுத்துப் போகுதுகள். நான் ரோட்டுக்குப் போய் அவன அடுத்த தெருவால அனுப்பிட்டன்.”

வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வட்டை விதானைக்குக்கூட அப்படியொரு மிடுக்கு இருந்ததில்லை.

சித்தி லைலா மசூரைத் திரும்பிப் பார்த்தாள்.

“மீனுக்கு மூச்சு முட்டும். மனிசருக்கு முட்டாதோ? வாங்க வெளியால. உங்களோட ஒரு கதை இருக்கு.”

மழை தூறிக்கொண்டிருந்தது. எதிரே கொட்டிலுக்குள் ராத்தா உம்மு, ஒழுகும் இடத்துக்கெல்லாம் சட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

“மச்சான் பாத்துக்கொண்டு இருக்காட்டி அந்த மோட்டர் ஓடாதோ?”

மசூர் மண்டபத்தை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“அது தன்பாட்டுல ஓடும் சாச்சி. பஞ்சு கழுவுறதும் நான், தண்ணி மாத்துறதும் நான்.”

“அப்ப அவர் என்னத்துக்கு?”

“மாரி வருது, உள்ள வந்து படுங்க மாமா எண்டு நானும் நதீராவும் கெஞ்சாத கெஞ்சலா? ‘குடுத்த வீட்டுக்குள்ள பாய் விரிச்சா ஊர் சிரிக்கும்’ எண்டுட்டார். மீனுக்குக் காவல் இல்லாட்டிச் செத்துப்போகும் மாமா எண்டன். அண்டைக்கே தலகணியத் தூக்கிக்கொண்டு வந்துட்டார். இப்ப நெஞ்சு விசிலடிக்கிறதும் இல்ல.”

பாலமுனையிலிருந்து கட்டிச் சுமந்துவந்த ஏச்செல்லாம் சித்தி லைலாவின் தொண்டையிலேயே கரைந்துபோனது.

கொட்டிலை ஒருதரம் பார்த்தாள். உம்மு அடுத்த சட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

சித்தி லைலா மசூரின் காதருகே போனாள்.

“ராத்தாவுக்கும் அதே புடிவாதம்தானே மகன்? நாளைக்கே இன்னொரு தொட்டி வாங்குங்க!”