கம்பெனி கலர்

"இன்னொரு தடவை 'நீலம் தட்டுது'ன்னு சொன்னீங்க, இந்த டப்பாவை என் தலையிலேயே கவுத்துக்குவேன் சார்!"

பெயின்டர் ஒரு தகரத் துண்டைக் காரின் இடது கதவோடு ஒட்டிப் பிடித்தபடி கத்தினார். காலையிலிருந்து இது ஐந்தாவது துண்டு. ஐந்திலும் பச்சை அடித்து, காயவைத்து, கதவில் வைத்துப் பார்த்தாகிவிட்டது.

மாப்பிள்ளை தலையை இப்படிச் சாய்த்துப் பார்த்தான், அப்படிச் சாய்த்துப் பார்த்தான்.

"நீலம்னு சொல்லல மாஸ்டர். கார் கொஞ்சம் மஞ்சளா இல்ல?"

"இருக்கு! அதுக்கு நான் என்ன பண்றது? பானெட்டுக்குள்ள தகட்டுல கலர் நம்பர் அடிச்சிருக்கு. அந்த நம்பருக்கு இதுதான் கலர். மெஷினும் இதைத்தான் சொல்லுது, புத்தகமும் இதைத்தான் சொல்லுது."

"அப்போ கதவு மட்டும் ஏன் வேற மாதிரி சொல்லுது?"

பெயின்டர் துண்டைத் திருப்பிப் பிடித்து மறுபடியும் கதவோடு ஒட்டிப் பார்த்தார்.

கார் மாமனாருடையது. வயது நாற்பது. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவர் முதல் முறையாகச் சாவியை மாப்பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தார். "தினம் அஞ்சு நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டா போதும் மாப்பிள்ளை. வண்டியை எடுக்க வேண்டாம்."

எடுத்தான். கேட்டைத் தாண்டுவதற்குள் தூண் கதவை ஒரு முழத்துக்கு வழித்துவிட்டது.

வீட்டில் சர்வீஸ் என்று பொய் சொல்லிவிட்டுக் காரை இங்கே கொண்டுவந்திருந்தான். மாலை ஆறு மணி ரயிலில் மாமனார் வருகிறார். அதற்குள் கதவு பழையபடி ஆகவில்லையென்றால் அவனுக்கு ஆயுசுக்கும் சாவி கிடையாது. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். வருகிறவர் போகிறவர்களிடமெல்லாம் கதவைக் காட்டி, "இது நம்ம மாப்பிள்ளை கைவண்ணம்" என்பாரே, அதை எப்படித் தாங்குவது?

யார் வந்தாலும் மாமனாருக்குப் பேச்சு ஒன்றுதான். "எஞ்சினைப் பிரிச்சுக் கட்டிட்டேன். சீட்டு மாத்திட்டேன். பெயின்ட் மட்டும் கம்பெனியில அடிச்சது. ஒரு கை பட்டதில்ல. இந்தப் பச்சையை இனிமே எவனாலயும் கலக்க முடியாது." பிறகு மனைவியைக் காட்டிச் சிரிப்பார். "இவளுக்கு எது பிரேக், எது கிளட்ச்னே தெரியாது. பின்சீட்டு மகாராணி."

அந்த இடம் வந்ததும் மாமியார் காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

"வெயில்ல வெளுத்திருக்குமோ மாஸ்டர்?"

"வெளுத்தா மங்கும் சார். மஞ்சளாவா ஆகும்? அதுவும் கூரைக்கடியில போர்வை போத்தி வச்ச வண்டி!"

பெயின்டர் சட்டென்று நிறுத்தினார். எதையோ யோசித்தவராக டிக்கியைத் திறந்து, விளிம்பைச் சுற்றியிருந்த ரப்பரை ஒரு சாண் அளவுக்கு உரித்தார். நாற்பது வருடமாக வெளிச்சமே படாத இடம். ஈரத்துணியால் துடைத்து, தகரத் துண்டை அங்கே வைத்தார்.

துண்டு எங்கே முடிகிறது, கார் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"பார்த்தீங்களா! இதான் கம்பெனி பெயின்ட். நான் முதல் தடவை கலந்ததே சரி." அவர் தகரத் துண்டைத் தூக்கி மூலையில் எறிந்தார். "வெளியில இருக்கிறது எவனோ அடிச்சது சார். மொத்த வண்டியும். கம்பெனி பெயின்ட்னு நீங்க சத்தியம் பண்ணினதை நம்பி அரை நாளைத் தொலைச்சேன்!"

"இப்போ பார்த்துக் கலக்கலாமே?"

"எதை எவ்வளவு சேர்த்தான்னு தெரியாம, வெறும் கண்ணால பார்த்துக் கலந்தா ரெண்டு நாள் ஆகும். உங்களுக்கு இருக்கிறது அஞ்சு மணி நேரம்."

மாப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு கை படாத கார்! பதினோரு வருடமாக வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருக்கிறான். அந்த நேரம் பார்த்து மாமியாரிடமிருந்து போன் வந்தது.

"மாப்பிள்ளை, சர்வீஸ் முடிஞ்சுதா? மாமா ரயில் ஏறிட்டாராம்."

"அத்தை, சர்வீஸும் இல்ல, ஒண்ணும் இல்ல! கதவுல கீறல் போட்டுட்டேன், பெயின்ட் அடிக்க வந்தேன். வந்த இடத்துல மாமாவோட வண்டவாளம் தெரிஞ்சுபோச்சு. இது கம்பெனி பெயின்டே இல்ல! இத்தனை வருஷமா எல்லாரையும் ஏமாத்தியிருக்கார். இன்னிக்கு வரட்டும், நேருக்கு நேரா கேட்கப்போறேன்!"

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் நின்றது.

"மெதுவாப் பேசுங்க மாப்பிள்ளை. இடது கதவா?"

"ஆமா..."

"கேட் தூணா?"

"உங்களுக்கு எப்படி..."

"அந்த நம்பரைத் தூக்கிப் போடச் சொல்லுங்க. பீரோவுல துணிக்கு அடியில பழைய சோப்பு டப்பா ஒண்ணு வச்சிருக்கேன். எதை எவ்வளவு கலக்கணும்னு எழுதி வாங்கின சீட்டு அதுக்குள்ளேயே இருக்கு. ஆட்டோவுல கொண்டுவரேன்."

"சோப்பு டப்பாவா?"

"வண்டி வாங்கின மறு வருஷம் உங்க மாமா ஆறு மாசம் வெளிநாட்டுல இருந்தார். அப்பத்தான் நான் கார் ஓட்டக் கத்துக்கிட்டேன். அந்தத் தூண்ல மட்டும் நாலு தடவை. பெயின்ட் அடிக்க வந்தவன் எல்லாத்தையும் சுரண்டிப் போட்டுட்டு, 'என்ன கலரும்மா இருந்துச்சு'ன்னு கேட்டான். கைக்குக் கிடைச்ச பச்சை சோப்பு டப்பாவைக் காட்டினேன்." மாமியார் பெருமூச்சு விட்டார். "மனுஷன் திரும்பி வந்து காரைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, 'பரவாயில்லையே, கம்பெனியில இருந்து வந்தது மாதிரியே துடைச்சு வச்சிருக்கியே'ன்னார்!"