கோப்பை அவன் கையில்

ரிச்சர்ட்சன் என்ற அமெரிக்க நகரில், ஸ்லாட் கார் எனும் குட்டிக் கார்ப் பந்தயம் நடக்கும் கூடத்துக்குள் பிற்பகல் வெயில் சாய்ந்து விழுகிறது. மரப்பலகை ஓடுதடத்தில் வெட்டிய பள்ளங்களைப் பிடித்துக்கொண்டு உள்ளங்கை அளவு கார்கள் வண்டுகளைப் போல ரீங்கரித்து ஓடுகின்றன. நடுவரின் மேஜைமேல் ஒரு கார் மட்டும் மேலோடு கழற்றப்பட்டுக் கவிழ்ந்து கிடக்கிறது. எஃகுக் கம்பியை வளைத்து, பித்தளைத் தகட்டை வெட்டி, சால்டர் ஈயத்தை உருக்கிப் பற்றவைத்து, மாளவிகா கராஜில் உட்கார்ந்து கட்டிய சேஸி, காரின் அடிச்சட்டம், அது. அவள் ஆள்காட்டி விரலில் சூடு பட்ட இடம் இன்னும் சிவந்திருக்கிறது. ஆனால் சிறந்த கைவேலைக்கான கோப்பை அவள் கணவன் முகுந்தின் கையில் இருக்கிறது. கட்டுவது அவள், ஓட்டுவது அவன் என்பதுதான் வீட்டில் பேச்சு. இங்கே அவன், எல்லாமே தன் கையால் செய்தது என்று ஆங்கிலத்தில் சொல்கிறான். கூடம் கைதட்டுகிறது. அவள் கைகள் மட்டும் அசையவில்லை. தாடிக்கார நடுவர் சேஸியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார். நடுவிலுள்ள சின்னக் கீல் தடையில்லாமல் மேலும் கீழும் ஆடுகிறது. சால்டர் உள்ளே இறங்கி இறுகிவிடாமல் எப்படிச் செய்தீர்கள் என்று ஆவலோடு கேட்கிறார். முகுந்தின் சிரிப்பு அப்படியே நிற்கிறது. மெல்ல அவள் பக்கம் சாய்ந்து, "மாளு, ப்ளீஸ், சீக்கிரம் சொல்லேன்" என்று தமிழில் கிசுகிசுக்கிறான். கீலில் ஒரு துளி எண்ணெய் விட்டால் சால்டர் அங்கே ஒட்டாது, அவ்வளவுதான் பதில். அவள் அதைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி, "யூ டெல் தெம், முகுந்த்" என்கிறாள்.