ஆறு மணிக்குள் இருநூறு பேர்

பூங்காவைக் கட்ட மாநகராட்சி வெளியிட்ட கடன்பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. தினமும் மாலை ஆறு மணிக்குள் இருநூறு பேராவது வராவிட்டால் பூங்கா ஏலத்துக்குப் போய்விடும். அன்று நல்ல மழை. ஐந்தரைக்கு, வந்தவர்களை எண்ணும் வாசல் திரை நூற்றுத்தொண்ணூறு என்று காட்டியது.

“இன்னையோட முடிஞ்சுதும்மா,” என்றார் காவலாளி இருதயராஜ், குமுதவல்லியிடம்.

பக்கவாதத்துக்குப் பிறகு, பூங்காவின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத்தான் அவள் மறுபடி நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். ஊன்றுகோலோடு சாலையைக் கடந்து, பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கியிருந்தவர்களிடம் போனாள்.

“ஆறு மணிக்குள்ள ஆள் குறைஞ்சா பூங்கா ஏலத்துக்குப் போயிடும். உள்ள வந்து ஒரே ஒரு சுத்து நடந்துட்டுப் போங்க. எனக்கு நடக்க வேற இடமில்ல.”

எட்டுப் பேர் நனைந்துகொண்டே உள்ளே போனார்கள். இன்னும் இரண்டு பேர் வேண்டும். அப்போது வந்த பேருந்தின் முன்னால் போய் நின்று, அதையே சொன்னாள்.

“டைம் ஆச்சு, நகருங்கம்மா,” என்றார் நடத்துநர்.

அவள் நகரவில்லை. ஓட்டுநர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, பூங்கா வாசலை நோக்கி நடந்தார். அவர் பின்னாலேயே பயணிகள் எல்லோரும் இறங்கினார்கள்.