ரகுபதி போடாத கட்டு

"ஆபரேஷனா? பத்து வயசுப் பையனுக்கா?" நாஸியா மகனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

அடையாறு ஆஸ்பத்திரியில் டாக்டர் சான்ட்ரா எக்ஸ்ரேயைக் காட்டினார். "மாவுக்கட்டு போட்டுப் பார்த்தோம். ஒரே வாரத்துல முன்னங்கையில உடைஞ்ச ரெண்டு எலும்பும் விலகிடுச்சு. பிளேட் வைக்கலாம், ஆனா நீளமா கிழிக்கணும். இவனுக்கு வளையற கம்பி போதும். சின்னதா ரெண்டு கீறல், அவ்ளோதான். ஆறேழு மாசத்துல எடுத்துடலாம். இப்படியே விட்டா பின்னாடி உள்ளங்கையைத் திருப்பவே கஷ்டப்படுவான்."

"வீட்ல கேட்டுட்டு வரேன் மேடம்."

வீட்டில் எங்கே கேட்டாள்? மகன் ஃபராஸை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நேரே மேற்கு மாம்பலம், எலும்புக்குக் கட்டுப் போடும் ரகுபதியிடம் போய் நின்றாள். எண்ணெய், மூங்கில் பத்தை, துணி. கத்தியே படாமல் கை சேர்ந்துவிடும் என்று ஊரே சொல்லுதே!

ரகுபதி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஃபைலைப் புரட்டினார். அவ்வளவுதான், எகிறிவிட்டார்.

"உனுக்கு அறிவு கீதா? படிச்ச டாக்டரை உட்டுட்டு இங்க இன்னாத்துக்கு வந்தே? நானு எட்டாங்கிளாஸ் ஃபெயிலு. கட்டு போடற பயலுங்க அத்தினி பேரும் டுபாக்கூருதான். போ, போ!"

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நாஸியாவுக்கு அழுகையும் ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தன.

"இனிமே எந்தக் கட்டுக்காரன் வாசலையாவது மிதிச்சேன்னா ஏன்னு கேளுடா!" என்று மகனிடம் பொருமியவள், அதே ஆட்டோவில் அடையாறு திரும்பி, மளமளவென்று கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் ஃபராஸ் விரல்களை அசைத்துக் காட்டினான். அப்பாடா! நாஸியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே பழைய கோபமும் வந்தது.

"அந்தாளுக்கு என்னா திமிரு மேடம்! பெத்தவகிட்ட அதை மெதுவா சொன்னா குறைஞ்சா போயிடுவாரு?"

டாக்டர் சிரித்தார். "நீங்க ஆட்டோ ஏறின உடனே எனக்கு போன் பண்ணிட்டாரு. நம்பரை உங்க ஃபைல்ல பார்த்தாராம். ஒரு அம்மா கோவமா வருவாங்க, தட்டிக்கழிக்காம உடனே பாருங்கன்னாரு."

நாஸியா திகைத்தாள். "அப்புறம் எதுக்கு அப்படித் திட்டினாரு?"

"நானும் கேட்டேன். 'நைஸா அனுப்பினா அடுத்த தெருக் கட்டுக்காரன்கிட்ட போயிடுவாங்க மேடம். எங்க தொழிலையே வெறுத்துட்டுப் போனாதான் அந்தப் புள்ளை கை தப்பும்'னாரு."