வெயில் படாத முகம்

"அம்சம், விசாரணை முடியிற வரைக்கும் அந்த வெள்ளை மருந்தைத் தொடாத" என்றார் விவசாயச் சங்கத்துப் பக்கிரி.

அம்சம் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். வெயில் பட்டால் அவளுக்குத் தோல் கொப்பளித்துப் புண்ணாகிவிடும். நாகப்பட்டினம் பெரியாஸ்பத்திரியில் கொடுத்த துத்தநாகக் களிம்பைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல முகத்தில் அப்பிக்கொண்டுதான் ஆறு வருஷமாக வயலில் இறங்குகிறாள். சாயங்காலம் கழுவிவிட்டால், நாளெல்லாம் நிழலில் இருந்தவள் மாதிரி முகம் பளிச்சென்று இருக்கும். வினையே அதுதான்.

புருஷன் செத்த பிறகு இரண்டு ஏக்கர் குத்தகையை அவள்தான் பார்க்கிறாள். குத்தகைக்காரர் பேரைப் பதிந்துகொள்ளலாம் என்று சர்க்கார் சட்டம் போட்டதும், நன்னிலம் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தாள். மிராசுதார் நடராசனோ அது தன் சொந்தச் சாகுபடி என்றார். வயலில் கிடப்பவள் மூஞ்சியா அது என்று தாசில்தாரிடமே கேட்கப்போவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவரை மீறிச் சாட்சி சொல்ல ஊரில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

"புண்ணு ஆறிடும். நிலம் போனா வருமா?" என்றார் பக்கிரி.

அம்சத்துக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நடவு முடிந்து களையெடுப்பு நடந்துகொண்டிருந்தது. பதினைந்து நாள் வெறும் முகத்தோடு வயலில் குனிந்து நின்றாள். மூன்றாம் நாளே கன்னம் கொப்பளித்தது. அப்புறம் தோல் உரிந்து, முகமே கறுத்துப்போனது. கஞ்சி குடிக்க வாயைத் திறந்தாலே எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

விசாரணையன்று அவள் முகத்தைப் பார்த்த நடராசன், கேட்க வந்ததை அப்படியே விழுங்கிவிட்டார். பக்கிரிக்கு மீசைக்குள் சிரிப்பு. நிலம் கைக்கு வந்துவிட்டது என்றே அம்சமும் நினைத்தாள்.

தாசில்தார் ஊருக்குப் புதியவர். காகிதங்களைப் புரட்டிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாட்சியெல்லாம் வேணாம். நடவு சமயத்துல யாருக்கும் சொல்லாம மூணு நாள் வந்து, மதகுல உக்காந்து என் கண்ணாலயே பார்த்துட்டேன். மூஞ்சியெல்லாம் வெள்ளையாப் பூசிக்கிட்டு ஒரு அம்மா ஆளோட ஆளா நின்னு நட்டுக்கிட்டிருந்தாங்க. சாகுபடி அவங்களோடதுதான்னு எழுதியும் வெச்சுட்டேன்" என்றவர், பேனாவை மூடினார்.

"அந்த அம்மாவைக் கூட்டிட்டு வராம, அவங்க பேருல கையெழுத்துப் போட உங்களை யாரும்மா அனுப்பினது?"