மைக்கில் சொன்ன சங்கதி

“நான் மறியலில இருந்தனான்.”

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து, பங்கு மண்டபத்தில் எல்லோரும் தேநீரும் ரோல்ஸுமாக இருந்த நேரம். வின்சன்ட் மைக்கைப் பிடித்து, தான் சிறையிலிருந்த கதையை இப்படித் தொடங்கியதும், அவன் மனைவி அஞ்சலீனாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“களவுச் சாமான் எண்டு தெரிஞ்சும் லொறியில ஏத்தினனான். முந்தி எங்களைப் போல ஆக்களுக்கு பொலிஸில இருக்கிற குற்றப்பதிவை அழிக்க வழியில்லை. இப்ப விதியைத் தளர்த்தியிருக்கினம். என்ர பதிவு போன கிழமை அழிஞ்சுது. ஆருக்கும் தேவையெண்டா என்னட்டைக் கேளுங்கோ.”

ஒருவரும் கைதட்டவில்லை. பாடகர் குழுவை நடத்தும் செல்வமலர் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அஞ்சலீனா அதைத்தான் பார்த்தாள். அக்காவின் வாயில் விழுந்த கதை, லாசாலில் இந்தக் கோயிலில் கிளம்பி, மெட்ரோ ரயிலுக்கு முந்தி நகரின் மறுபக்கம் பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழரிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

காரில் ஏறியதும் வெடித்தாள்.

“விசரே உங்களுக்கு? அரசாங்கமே அழிச்சுப்போட்டுது. இவ்வளவு வருசமா நானும் பொத்திப் பொத்தி வைச்சன். இனி எந்த முகத்தோட கோயிலுக்கு வாறது?”

“விதி மாறினது எனக்குக் கன நாளாத் தெரியாது அஞ்சலீனா. ஆரிட்டையும் கேக்கப் பயம். கேட்டா, உனக்கேன் எண்டு கேப்பினம். என்னைப் போல இன்னும் ஆக்கள் இருப்பினம்.”

“எங்கட பங்கிலயோ? நல்ல கதை!”

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். செல்வமலர் அக்கா! அஞ்சலீனா கண்ணாடியை இறக்கினாள்.

அக்கா இரண்டு பக்கமும் பார்த்தார். கோயிலே அதிரப் பாடுகிறவருக்குக் குரல் எழும்பவில்லை.

“தம்பி... அது பொம்பிளையளுக்கும் செய்வினமோ?”

“ஆருக்கக்கா?” அஞ்சலீனா வாய்தவறிக் கேட்டுவிட்டாள்.

“எனக்குத்தான் பிள்ளை.”

அஞ்சலீனா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இந்த மனிதனை நினைத்து அவள் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

கதவைத் திறந்து இறங்கினாள்.

“நீங்கள் முன்னுக்கு இருங்கோ அக்கா, இவர் வடிவாச் சொல்லுவார். நான் மண்டபத்துக்குப் போய், வேற ஆரும் கேக்கக் கூச்சப்பட்டு நிக்கினமோ எண்டு பாத்துக்கொண்டு வாறன்.”